குணமடைந்தவர் செல்லுமிடம்: படை மருத்துவரை மையமிட்ட அறிவியல் புனைகதைகளில் மருத்துவ அறமும் போரும்

ஆய்வுச் சுருக்கம்

போர்க்காலத்தில் பணியாற்றும் மருத்துவரை மையமாகக் கொண்ட ஆங்கில அறிவியல் புனைகதைகள் பெரும்பாலும் போர் எதிர்ப்புப் படைப்புகளாகவே வாசிக்கப்படுகின்றன. மருத்துவரின் இரக்கமும் நடுநிலையும் அவ்வாசிப்புக்குச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. அச்சான்றுகள் போதுமானவை அல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள். குணமடைந்த நோயாளி எங்கே செல்கிறார், மருத்துவரின் அறிவு யாருக்குப் பயன்படுகிறது என்னும் வினாக்களைப் படைப்பு எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது என்பதே உரிய அளவுகோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஜேம்ஸ் வைட்டின் ‘ஸ்டார் சர்ஜன்’, மைக்கேல் ரீவ்ஸும் ஸ்டீவ் பெர்ரியும் இணைந்து எழுதிய ‘மெட்ஸ்டார்’ இரட்டை நாவல், பெர்னார்ட் உல்ஃபின் ‘லிம்போ’ ஆகியவை முதன்மைத் தரவுகளாக அமைகின்றன. ஜோ ஹால்ட்மனின் ‘தி ஃபாரெவர் வார்’ ஒப்பீட்டுத் தரவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: அறிவியல் புனைகதை, படை மருத்துவர், இரட்டைக் கடப்பாடு, போர் எதிர்ப்பு, செயற்கை உறுப்பு, மருத்துவ அறம்.

1. முன்னுரை

போர் இலக்கியத்தில் மருத்துவர் தனித்த இடம் பெறுபவர். வீரன் கொல்வதற்காகக் களத்தில் நிற்கிறான்; மருத்துவர் காப்பதற்காக நிற்கிறார். ஆயினும் இருவரும் அணிவது ஒரே படையின் சீருடை. இருவரும் கட்டுப்படுவது ஒரே தலைமையின் ஆணைக்கு. நோயாளியின் நலனுக்கும் படையின் வெற்றிக்கும் ஒருசேரக் கடமைப்பட்ட இந்நிலையை மருத்துவ அறவியலார் இரட்டைக் கடப்பாடு என்பர். இவ்விரு கடமைகளும் முரண்படும் இடத்திலேயே படை மருத்துவர் ஒரு கதைமாந்தராக உருப்பெறுகிறார்.

நடப்பியல் நாவல் இம்முரண்பாட்டைப் பெரும்பாலும் மருத்துவரின் மனப்போராட்டமாகவே காட்ட இயலும். அங்கே உடல் நாம் அறிந்த மனித உடல். காயமும் நாம் அறிந்த காயம். அறிவியல் புனைகதைக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. அது நோயாளியின் உடலையே மாற்றிவிடுகிறது. நோயாளி வேற்றுக்கோள் உயிரியாக இருக்கலாம். பல்லாயிரக்கணக்கில் உருவாக்கப்பட்ட குளோன் வீரனாக இருக்கலாம். இழந்த காலைவிட வலிமை மிக்க செயற்கைக் காலைப் பெற்றவனாகவும் இருக்கலாம். உடல் மாறும்போது, இயல்பானதாகத் தோன்றிய மருத்துவச் செயல் புதிய வெளிச்சத்தில் தெரிகிறது. யாரை உயிர் என்று கணக்கிடுகிறோம், எதற்காக அவ்வுயிரை மீட்கிறோம் என்னும் வினாக்கள் கதை நிகழ்ச்சிகளாகவே மாறிவிடுகின்றன.

இவ்வகை நாவல்களை அமைதியை விழையும் படைப்புகளாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. பகைவனுக்கும் மருந்திடும் மருத்துவரைக் காட்டும் நாவல் போரை எதிர்க்கிறது என்று எளிதில் முடிவுகட்டப்படுகிறது. ஆனால் மருத்துவரின் அன்பு போரை நிறுத்தும் ஆற்றலாகவும் இருக்கலாம். போரைத் தாங்கிக்கொள்ளத்தக்கதாக ஆக்கும் மருந்தாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு, சிகிச்சை முடிந்த பின்னர் நிகழ்வதை நோக்க வேண்டியுள்ளது. அந்நோக்கில் மேற்குறித்த நாவல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. படை மருத்துவத்தின் இரு வேர்கள்

இந்நாவல்களின் பின்புலமாக அமையும் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவது தேவையாகிறது. நெப்போலியனின் படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, காயம்பட்டோரைப் பதவியின் அடிப்படையில் அன்றிக் காயத்தின் கடுமையின் அடிப்படையில் வரிசைப்படுத்திச் சிகிச்சை அளிக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். 1859ஆம் ஆண்டு சால்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டோரைக் கண்ட ஆன்ரி துனான் மேற்கொண்ட முயற்சிகள் செஞ்சிலுவை இயக்கத்திற்கும் 1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கைக்கும் வழிவகுத்தன. 1949ஆம் ஆண்டின் உடன்படிக்கை, சிகிச்சையில் முன்னுரிமை வழங்குவதற்கு அவசர மருத்துவக் காரணம் தவிர வேறெதுவும் அடிப்படையாகாது என வரையறுத்தது. இது படை மருத்துவத்தின் முதல் வேர். இங்கே காயம்பட்டவன் ஓர் உயிர். அவன் எத்தரப்பைச் சேர்ந்தவன் என்பது பொருட்டன்று.

மற்றொரு வேரும் உண்டு. படைகள் மருத்துவர்களைப் பேணுவது இரக்கத்தால் மட்டுமன்று. பயிற்சி பெற்ற வீரனைக் குணப்படுத்தி மீண்டும் களத்துக்கு அனுப்புவது புதிய வீரனைத் திரட்டுவதைவிட எளிது. அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவப் பிரிவு, போரிடும் ஆற்றலைப் பேணுதல் என்னும் பொருளுடைய தொடரையே தன் குறிக்கோளுரையாகக் கொண்டுள்ளது. இங்கே காயம்பட்டவன் பழுதுபட்ட ஆற்றல்; மருத்துவமனை பழுது நீக்கும் இடம்.

இவ்விரு வேர்களும் நடைமுறையில் பிரித்தறிய முடியாதவாறு பின்னிக் கிடக்கின்றன. ஒரே அறுவை, ஒரே மருந்து, ஒரே மருத்துவர். வேறுபாடு வெளிப்படுவது நோயாளி படுக்கையை விட்டு எழும் நாளில்தான். முதல் வேரிலிருந்து நோக்கினால் அன்று மருத்துவரின் பணி நிறைவடைகிறது. இரண்டாம் வேரிலிருந்து நோக்கினால் அன்றுதான் அப்பணியின் பயன் தொடங்குகிறது.

3. பகைவனுக்கு எழுத்தில்லாத வகைப்பாடு: ‘ஸ்டார் சர்ஜன்’

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த ஜேம்ஸ் வைட் (1928–1999) மருத்துவம் பயில விரும்பியவர். பொருளாதாரச் சூழல் அதற்கு இடந்தராமையால் தையல் துறையிலும் பின்னர் விமான உற்பத்தி நிறுவனம் ஒன்றிலும் பணியாற்றினார். 1962 முதல் 1999 வரை பன்னிரண்டு நூல்களாக வெளிவந்த அவருடைய ‘செக்டார் ஜெனரல்’ தொடரின் களம், விண்வெளியில் மிதக்கும் 384 தளங்களைக் கொண்ட மாபெரும் மருத்துவமனை. பல்வேறு கோள்களைச் சேர்ந்த உயிரினங்கள் அங்கே மருத்துவர்களாகவும் நோயாளிகளாகவும் உள்ளன. தொடரின் இரண்டாம் நூலாகிய ‘ஸ்டார் சர்ஜன்’ 1963இல் வெளிவந்தது. அம்மருத்துவமனை போரின் முற்றுகைக்கு உள்ளாவதே அதன் கதை.

நாவலின் முற்பகுதி தனிக் கவனத்திற்குரியது. எட்லா என்னும் கோளின் மக்கள் தீராத நோய்களால் வாடுகின்றனர். அவர்களுக்கு உதவச் செல்லும் மருத்துவர் கான்வே, அந்நோய்கள் இயற்கையாக நீடிக்கவில்லை என்பதைக் கண்டறிகிறார். எட்லாவை ஆளும் பேரரசு, அம்மக்களின் துன்பத்தைக் காட்டித் தன் குடிகளிடம் பரிவையும் பொருளையும் திரட்டுகிறது. ஆகவே அந்நோய் நீங்காமல் பார்த்துக்கொள்கிறது. உண்மை வெளிப்படும் நிலையில், மருத்துவமனையினர் மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டுப் போர் தொடுக்கப்படுகிறது. நோயும் பரிவும் ஆட்சியின் கருவிகளாகக் கூடும் என்பதை வைட் இங்கே தெளிவாக உணர்ந்திருக்கிறார். நோயைக் குணப்படுத்தும் முயற்சியே போருக்குக் காரணமாகிறது என்னும் கதையமைப்பு, மருத்துவம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்னும் நம்பிக்கையை அசைத்துவிடுகிறது.

முற்றுகை தொடங்கிய பின்னர் நாவலின் நோக்கு மாறுகிறது. நோயாளிகளும் பணியாளரில் பெரும்பகுதியினரும் வெளியேற்றப்படுகின்றனர். மொழிபெயர்ப்புக் கணிப்பொறி அழிந்துவிடுவதால் வெவ்வேறு இன மருத்துவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் புரிந்துகொள்ள இயலாமல் போகிறது. இத்தகைய நெருக்கடியில் இரு தரப்புக் காயம்பட்டோரும் ஒரே கூடங்களில் சேர்க்கப்படுகின்றனர்.

வைட்டின் சிறந்த கற்பனைகளுள் ஒன்று இவ்விடத்தில் முழுப் பயன் தருகிறது. தொடர் முழுவதும் ஒவ்வோர் உயிரினமும் அதன் உடலமைப்பு, வளர்சிதை மாற்றம், வாழிடச் சூழல் ஆகியவற்றின் அடிப்படையில் நான்கு எழுத்துகளால் வகைப்படுத்தப்படுகிறது. பூமி மனிதர் ‘டிபிடிஜி’ வகையினர். பேரரசின் வீரர்களும் அதே வகையினர். அயலுயிர்கள் நிறைந்த அம்மருத்துவமனையைத் தாக்க வருவோர் உடலளவில் மனிதரிடமிருந்து வேறுபடாதவர்கள். நான்கு எழுத்துகளுள் நண்பனையோ பகைவனையோ குறிக்கும் எழுத்து எதுவும் இல்லை. ஜெனீவா உடன்படிக்கை சட்டமொழியில் வலியுறுத்தும் கொள்கை இங்கே ஒரு வகைப்பாட்டு முறையாகவே உருப்பெற்றுள்ளது. அருகருகே கிடத்தப்பட்ட இரு தரப்பினரும் உண்மையை அறிவதற்கும் போர் ஓய்வதற்கும் இக்கலப்பே வழிவகுக்கிறது.

எனினும் இத்தீர்வில் ஒரு மறைப்பு உள்ளது. மருத்துவமனையைக் காப்பது மானிட்டர் கோர் எனப்படும் ஆயுதம் தாங்கிய காவற்படை. தொடரின் முதல் நூலாகிய ‘ஹாஸ்பிட்டல் ஸ்டேஷ’னில் இளம் மருத்துவர் கான்வே அப்படையினரை வெறுக்கிறார், போரைத் தடுப்பதே அவர்கள் பணி என்னும் விளக்கத்தைப் பெற்றபின் மனம் மாறுகிறார். படை பற்றிய ஐயம் ஒருமுறை எழுப்பப்பட்டு அங்கேயே தீர்த்து வைக்கப்படுகிறது. ஆகவே ‘ஸ்டார் சர்ஜ’னில் கான்வேயின் கலக்கம், போரிடுவது தகுமா என்பதைச் சுற்றியே அமைகிறது, குணப்படுத்துவதன் விளைவைப் பற்றியதாக அது வளர்வதில்லை. காயம் ஆறிய மானிட்டர் வீரன் மீண்டும் ஆயுதம் ஏந்தச் செல்வது ஓர் அறச்சிக்கலாக நாவலில் எழுவதே இல்லை. மருத்துவமனையே போர்க்களமாகிவிட்டதால் நோயாளி ‘வெளியே செல்லும்’ தருணம் கதையிலிருந்து நீங்கிவிடுகிறது. எட்லாப் பகுதியில் அரசியலின் வேரைத் தொட்ட நாவல், முற்றுகைப் பகுதியில் மருத்துவக் கூடத்தின் சுவர்களுக்குள் தீர்வைத் தேடிக்கொள்கிறது.

இக்குறை வைட்டின் பிற்கால எழுத்தில் ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. 1983இல் வெளிவந்த ‘செக்டார் ஜெனரல்’ தொகுப்பிலுள்ள ‘ஆக்சிடென்ட்’ என்னும் கதை அம்மருத்துவமனையின் தோற்றத்தைக் கூறுகிறது. முன்னொரு போரில் எதிரெதிர்த் தரப்பில் நின்ற இருவர், பல இனத்தவர் சிக்கிய விபத்தொன்றில் உதவ முனைகின்றனர். வேற்றின உடலைப் பற்றிய அறியாமையால் அவர்களால் செய்ய முடிந்தது மிகச் சிறிதே. அவ்வியலாமையிலிருந்தே மருத்துவமனை என்னும் எண்ணம் பிறக்கிறது. போருக்குப் பிந்தைய வீரர்களின் வாழ்வை வைட் இங்கே தொடர்ந்து சென்று பார்க்கிறார்.

4. மருந்தே போருக்குக் காரணமாதல்: ‘மெட்ஸ்டார்’

2004இல் வெளிவந்த ‘பேட்டில் சர்ஜன்ஸ்’, ‘ஜெடை ஹீலர்’ ஆகிய இரண்டும் சேர்ந்ததே ‘மெட்ஸ்டார்’ இரட்டை நாவல். புகழ்பெற்ற ‘ஸ்டார் வார்ஸ்’ கதையுலகின் குளோன் போர்க்காலத்தில் அது நிகழ்கிறது. ரிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில் கொரியப் போரின் அறுவை மருத்துவர் ஒருவர் எழுதி 1968இல் வெளிவந்த ‘மாஷ்’ நாவலின் மரபை இது வெளிப்படையாகவே பின்பற்றுகிறது. கூடார மருத்துவமனை, ஓயாது வந்திறங்கும் காயம்பட்டோர், களைப்பை மறைக்கும் கேலிப் பேச்சு ஆகிய கூறுகள் இரண்டிலும் உள்ளன. வணிக நோக்கில் வெளியிடப்படும் திரைப்படச் சார்பு நாவல்கள் ஆய்வுலகில் பெரிதும் கண்டுகொள்ளப்படுவதில்லை. எனினும் இக்கட்டுரையின் வினாவை ‘ஸ்டார் சர்ஜ’னைவிட நேரடியாக எதிர்கொள்ளும் இரு கதைக்கூறுகள் ‘மெட்ஸ்டா’ரில் உள்ளன.

முதலாவது, போட்டா என்னும் தாவரம். ட்ராங்கார் கோளில் விளையும் அத்தாவரம் பல இனங்களுக்கும் பயன்தரும் அரிய மருந்து. அதற்காகவே இரு தரப்பும் அக்கோளில் போரிடுகின்றன; விளைச்சல் அழிந்துவிடக் கூடாது என்பதால் படைக்கலங்களையும் அளந்தே பயன்படுத்துகின்றன. தாவரத்துக்குக் கிடைக்கும் இக்காப்பு வீரனின் உடலுக்குக் கிடைப்பதில்லை. அறுவைக் கூடத்துக்கு அருகிலேயே விளையும் அம்மருந்தை அங்குள்ள காயம்பட்டோருக்கு அளிக்கவும் அனுமதி இல்லை; அது ஏற்றுமதிக்குரிய பொருள். அறுவை மருத்துவர் ஸான் யாண்ட் விதியை மீறி மறைவாக அதைப் பயன்படுத்துகிறார். உயிர் காக்கும் பொருளைப் பெறுவதற்காக உயிர்கள் பலியிடப்படுவதும், அப்பொருள் பலியாவோருக்கே மறுக்கப்படுவதும் போர்ப் பொருளாதாரத்தின் இயல்பை எளிய கதையமைப்பில் புலப்படுத்துகின்றன.

இரண்டாவது, குளோன் வீரர்கள். தலைமை அறுவை மருத்துவர் ஜாஸ் வாண்டார் அவர்களை ஆளுமையற்ற படைக்கருவிகளாகவே கருதி வளர்ந்தவர். ஒரே முகம், ஒரே குருதி, ஒரே உறுப்பமைப்பு உடைய அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது அவருக்குத் தொழில்நுட்பப் பணி மட்டுமே. சிடி-914 என்னும் எண்ணுடைய குளோன் வீரன், இறந்துபோன தன் தோழன் சிடி-915க்காகத் துயருறுவதைக் காணும்போது அந்நம்பிக்கை தகர்கிறது. அடுத்தடுத்த எண்களைக் கொண்ட இருவரிடையே இருந்த உறவை மருத்துவரின் கல்வி அவருக்குக் கற்பிக்கவில்லை. ஐ-5 என்னும் எந்திரப் பணியாளுடன் ஏற்படும் பழக்கம், உணர்வுடைய உயிர் எது என்னும் ஐயத்தை மேலும் விரிவாக்குகிறது.

நடப்பியல் நாவலில் படைவீரன் எண்ணாக மாறுவது ஓர் உருவகம். இங்கே அது உருவகமன்று. அவன் எண்ணாகவே பிறந்தவன். பண்டைத் தமிழ்ப் புறப்பாடல்கள் விழுப்புண்ணை அதைத் தாங்கிய மறவனுக்கு மட்டுமே உரிய பெருமையாகப் போற்றின. ஒரே உடல் பல்லாயிரம் முறை உருவாக்கப்பட்ட உலகில் புண்கூட ஒருவனுக்கு உரியதாக நிலைப்பதில்லை. அந்நிலையில் துயரம் ஒன்றே தனி ஆளுமையின் சான்றாக எஞ்சுகிறது என்பது இந்நாவலின் ஆழமான கண்டறிவு.

ஆனால் இக்கண்டறிவு ஜாஸ் வாண்டாரின் தனிப்பட்ட மனமாற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது. குளோன் வீரன் ஆளுமையுள்ள உயிர் என்றால், அவனை ஒப்புதலின்றி உருவாக்கிப் போருக்கு அனுப்பும் அரசு செய்வது என்ன? அவன் குருதியை நிறுத்தி மீண்டும் அவ்வரசிடமே ஒப்படைக்கும் மருத்துவர் செய்வது என்ன? மருத்துவர் தம் நோயாளியை மதிக்கக் கற்றுக்கொள்கிறார். ஆயினும் நோயாளி செல்லும் இடம் மாறுவதில்லை. தொடர்கதை உலகம் ஒன்றின் பகுதியாக இருப்பதால் போரின் போக்கை மாற்றும் உரிமை இந்நாவலுக்கு இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

5. கேலிக்குறிப்பு கொள்கையாதல்: ‘லிம்போ’

காலத்தால் முற்பட்ட ‘லிம்போ’ (1952) இவ்வினாவை மிகுந்த கடுமையுடன் எழுப்புகிறது. அதனை எழுதிய பெர்னார்ட் உல்ஃப் (1915–1985) உளவியல் பயின்றவர். மெக்சிகோவில் ட்ராட்ஸ்கியிடம் செயலராகப் பணியாற்றியவர். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய அறிவுச் சூழல் நாவலில் ஆழமாகப் பதிந்துள்ளது. 1948இல் நார்பர்ட் வீனரின் ‘சைபர்னெடிக்ஸ்’ வெளிவந்தது. 1949இல் மூளை முன்மடல் அறுவைக்காக எகஸ் மோனிஸ் நோபல் பரிசு பெற்றார். எந்திரத்துக்கும் உடலுக்குமான எல்லையும், அறுவைக் கத்தியால் மனத்தை மாற்றும் வாய்ப்பும் அக்காலத்தின் பெரும் விவாதங்களாக இருந்தன.

நாவலின் தலைமை மாந்தர் மருத்துவர் மார்ட்டின். 1972இல் நிகழும் மூன்றாம் உலகப்போரில் மூளை அறுவை மருத்துவராகப் பணியாற்றும் அவர், பல நகரங்களை அழித்த இளம் விமானி ஒருவனைத் தம் அறுவையால் உயிர் பிழைக்க வைக்கிறார். அவ்விமானி இரு கால்களையும் இழந்தவன். இதன் பின்னர் மார்ட்டின் படையைவிட்டுத் தப்பி இந்தியப் பெருங்கடலிலுள்ள ஒரு தீவில் பதினெட்டு ஆண்டுகள் மறைந்து வாழ்கிறார். தப்பிச் செல்லும்முன் தம் குறிப்பேட்டில் கசப்பான கேலி ஒன்றை எழுதியிருந்தார்: மனிதர் தாமாகவே கைகால்களை நீக்கிக்கொண்டால் போரிட இயலாது.

1990இல் அவர் மீண்டும் வெளியுலகை அடையும்போது, அக்கேலி ஓர் உலகக் கொள்கையாக வளர்ந்திருப்பதைக் காண்கிறார். அவருடன் பணியாற்றிய ஹெல்டர் அக்குறிப்பேட்டை மறைநூலாக்கிவிட்டிருக்கிறார். இம்மாப் என்னும் அவ்வியக்கத்தில் இளைஞர்கள் விரும்பி உறுப்பு நீக்கம் செய்துகொள்கின்றனர். நீக்கிய உறுப்புகளின் எண்ணிக்கைக்கேற்பச் சமூக மதிப்பு உயர்கிறது. கால்களை இழந்த அதே விமானி தியோ, இயக்கத்தின் போற்றுதலுக்குரிய தலைவர்களுள் ஒருவன். நீக்கிய உறுப்புகளுக்கு ஈடாக அணுவாற்றலால் இயங்கும் செயற்கை உறுப்புகள் பொருத்தப்படுகின்றன. அவை இயற்கை உறுப்புகளைவிட வலிமை மிக்கவை. அவற்றுக்குத் தேவையான கொலம்பியம் என்னும் அரிய உலோகத்துக்கான போட்டி வல்லரசுகளை மீண்டும் போருக்கு இட்டுச் செல்கிறது. செயற்கைக் கைகளின் இடத்தில் ஆயுதங்கள் பொருத்தப்படுகின்றன.

இக்கதையமைப்பில் இரு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, போரை ஒழிக்கும் வழியாக உடலைத் திருத்தும் முயற்சி தோல்வியுறுகிறது. தாக்கும் விருப்பம் கைகளில் இல்லை. ஆகவே கைகளை நீக்குவதால் அது நீங்குவதில்லை. வில்லியம் ஜேம்ஸ் 1910இல் முன்வைத்த ‘போருக்கு ஈடான அறச்செயல்’ என்னும் கருத்தை இம்மாப் இயக்கம் தனக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. தன்னைத் தானே வதைக்கும் செயல் அத்தகைய ஈடாக முன்வைக்கப்படும்போது அது வேறொரு வன்முறையாகவே முடிகிறது என்று உல்ஃப் காட்டுகிறார்.

மற்றொன்று, மருத்துவரின் பொறுப்பு. மார்ட்டின் போரிலிருந்து விலகினார். ஆயினும் அவர் மீட்ட உயிரும் அவர் எழுதிய சொல்லும் போர் எந்திரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அவர் குணப்படுத்திய விமானி எங்கே சென்றான் என்னும் வினாவுக்கு நாவல் முழுவதுமே விடையாக அமைகிறது. தீவு வாழ்க்கையும் அவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. அங்குள்ள மக்கள் வன்முறை இயல்பினர் எனக் கருதப்படுவோரின் மண்டையைத் திறந்து அறுவை செய்யும் வழக்கம் உடையவர்கள். மார்ட்டின் அவ்வழக்கத்தைத் தடுக்காமல், மயக்க மருந்தும் தூய்மையும் கொண்டு அதைச் செம்மைப்படுத்துகிறார். நோயாளி பிழைக்கிறான், ஆயினும் சினத்தோடு சேர்த்து அவனுடைய காம உணர்வும் மழுங்கிவிடுகிறது. தீங்கான செயலைத் திறம்படச் செய்வதன் மூலம் துன்பத்தைக் குறைப்பதாக மருத்துவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் ஆறுதல் படை மருத்துவத்துக்கும் பொருந்துவது. வெளியுலக இம்மாப் இயக்கமும் தீவின் மூளை அறுவையும் ஒன்றையொன்று விளக்கும் இணைகளாக அமைகின்றன.

‘லிம்போ’ குறைகளற்ற படைப்பு அன்று. அது பெண்களைச் சித்திரிக்கும் முறை இன்றைய வாசிப்பில் ஏற்கத்தக்கதாக இல்லை. தீவு மக்கள் பெரும்பாலும் கருத்து விளக்கத்துக்கான கருவிகளாகவே நிற்கின்றனர். நீண்ட உளப்பகுப்பாய்வு விவாதங்கள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. இருப்பினும், மருத்துவர் தம் தொழிலின் பின்விளைவைக் கண்ணாரக் காணுமாறு செய்த துணிவில் மற்ற இரு படைப்புகளையும் இது விஞ்சி நிற்கிறது.

6. நோயாளியின் நிலையிலிருந்து: ‘தி ஃபாரெவர் வார்’

மேற்கண்ட மூன்றும் மருத்துவரின் பார்வையில் அமைந்தவை. வியட்நாம் போரில் காயமுற்றுத் திரும்பிய ஜோ ஹால்ட்மனின் ‘தி ஃபாரெவர் வார்’ (1974) படைவீரனின் பார்வையில் அமைந்தது. அதில் மருத்துவம் பெறும் இடம் மிகச் சிறிது. எனினும் அது இவ்வாய்வுக்கு இன்றியமையாத ஒப்பீட்டுச் சான்று.

காலை இழந்த வீரன் மண்டெல்லாவும் கையை இழந்த மேரிகேயும் ‘சொர்க்கம்’ எனப் பெயரிடப்பட்ட கோளின் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். இழந்த உறுப்புகள் அங்கே மீண்டும் வளர்க்கப்படுகின்றன. நடப்பியல் போர்க்கதையில் காலிழப்பு ஒரு பேரிழப்பு. அதே வேளையில் அது வீரன் களத்திலிருந்து விடுபடும் வழியும் ஆகும். மருத்துவம் முழுமை பெற்ற உலகில் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. உறுப்புகள் வளர்ந்ததும் இருவருக்கும் வெவ்வேறு படைப்பிரிவுகளில் சேருமாறு ஆணை வருகிறது. ஒளிவேகத்தை ஒட்டிய பயணத்தில் காலம் வெவ்வேறாக ஓடுவதால் அப்பிரிவு நிரந்தரமானது என்றே இருவரும் உணர்கின்றனர். அவர்களைக் குணப்படுத்திய மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பணியைக் குறையின்றிச் செய்தவர்கள். அந்நிறைவே நோயாளிக்குத் தண்டனையாகிறது. மருத்துவரைப் பின்னணிக்குத் தள்ளிய நாவலே சிகிச்சையின் பின்விளைவைத் தெளிவாகக் காட்டுவது குறிப்பிடத்தக்கது.

7. ஒப்பீடும் மதிப்பீடும்

நான்கு படைப்புகளையும் ஒருங்கே நோக்கும்போது மருத்துவரின் நற்பண்பும் படைப்பின் போர் எதிர்ப்பும் ஒரே அளவில் அமையவில்லை என்பது புலனாகிறது. கான்வே இவர்களுள் மிகச் சிறந்த மருத்துவர். ஆயினும் ‘ஸ்டார் சர்ஜன்’ அவருடைய செயலின் பின்விளைவை ஆராயவில்லை. ஜாஸ் வாண்டார் மனமாற்றம் அடைகிறார். அமைப்பு மாற்றமின்றி நிற்கிறது. மார்ட்டின் கசப்பும் தன்னலமும் நிறைந்தவர். அவர் இடம்பெறும் நாவலோ மருத்துவத்தையே விசாரணைக்கு உட்படுத்துகிறது.

இதற்கு மறுப்பும் கூறப்படலாம். காயம்பட்டவனுக்கு முன்னால் நிற்கும் மருத்துவர் அவன் நாளை என்ன செய்வான் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் மருத்துவ அறமே குலைந்துவிடும். நடுநிலையின் பொருளே அவ்வாறு எண்ணாமையில்தான் உள்ளது என்பது அம்மறுப்பு. அது வலிமையானது. காரெல் சாபெக்கின் ‘வெண்ணோய்’ (1937) நாடகத்தில் மருத்துவர் காலென், போரைக் கைவிட்டாலன்றி வலியோருக்கு மருந்தளிக்க முடியாது என மறுக்கிறார். அவர் இறுதியில் போர்வெறி கொண்ட கூட்டத்தால் கொல்லப்படுகிறார். மருந்தும் அவரோடு அழிகிறது. சிகிச்சையை நிபந்தனைக்கு உட்படுத்துவதன் பேரிடரை அந்நாடகம் மறைக்கவில்லை.

ஆனால் இங்கே இருவேறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நோயாளியின் முன்னால் நிற்கும் மருத்துவர் அவ்வினாவை எழுப்பாமலிருப்பது அறமாகலாம். அம்மருத்துவரைப் பற்றி எழுதப்படும் நாவல் அதை எழுப்பாமலிருப்பது குறைபாடு. அறுவைக் கூடத்தில் தேவைப்படும் குறுகிய பார்வையை வாசகரும் ஏற்றுக்கொள்ளுமாறு செய்யும் படைப்பு, போரின் கொடுமையைக் காட்டிக்கொண்டே அதன் இயக்கத்தை மறைத்துவிடுகிறது. அறிவியல் புனைகதைக்குக் காலத்தைத் தாண்டிச் செல்லும் உரிமை உண்டு. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வதை அது காட்ட இயலும். அவ்வுரிமையைப் பயன்படுத்திய இடங்களிலேயே இந்நாவல்கள் நடப்பியல் போர்க்கதைகள் எட்டாத உண்மையை எட்டியுள்ளன.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

படை மருத்துவரை மையமிட்ட அறிவியல் புனைகதைகள் நோயாளியின் உடலை மாற்றியமைப்பதன் மூலம், உயிராகக் கருதப்படுவது எது என்னும் வினாவை முன்னிறுத்துகின்றன. ‘ஸ்டார் சர்ஜ’னின் நான்கெழுத்து வகைப்பாடும் ‘மெட்ஸ்டா’ரின் குளோன் வீரர்களும் இதற்குச் சான்றுகள்.

பகைவனுக்கும் சிகிச்சையளிக்கும் நடுநிலை மட்டுமே ஒரு நாவலைப் போர் எதிர்ப்புப் படைப்பாக ஆக்கிவிடுவதில்லை. குணமடைந்தவர் செல்லுமிடத்தையும் மருத்துவ அறிவின் பயன்பாட்டையும் பின்தொடரும் படைப்பே அவ்வெதிர்ப்பை முழுமையாக நிறைவேற்றுகிறது. இவ்வளவுகோலின்படி ‘லிம்போ’வும் ‘தி ஃபாரெவர் வா’ரும் முன்னிற்கின்றன.

எட்லாவின் நோய், ட்ராங்காரின் போட்டா, மார்ட்டினின் குறிப்பேடு ஆகிய மூன்றும் மருத்துவத்தின் பொருள்கள் போரின் காரணங்களாக மாறும் நிலையைக் காட்டுகின்றன. போருக்கு வெளியே நிற்கும் தூய இடமாக மருத்துவமனையைக் கருதும் வாசிப்பை இம்மூன்றும் மறுக்கின்றன.

தமிழில் போர் சார்ந்த புனைகதைகளை ஆராய்வோர், காயமும் இறப்பும் சித்திரிக்கப்படும் முறையோடு நிறுத்திக்கொள்ளாமல், காயம் ஆறிய பின்னர் அம்மனிதருக்கு நேர்வதைப் படைப்பு எவ்வாறு கையாள்கிறது என்பதையும் நோக்குவது பயன்தரும்.